நைஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

இனி 'நைஸ்' என்ற சொல் என் வாயில் வராது என்று சபதம் எடுத்தேன். யார்க்‌ஷயரில் பிறந்தவன் எடுக்கிற சபதமா இது? எங்களுக்குத் தேநீர் நைஸ், வெயில் நைஸ், சாவு வீட்டு சாண்ட்விச்கூட நைஸ். அகராதியைப் புரட்டியதும் அதன் வண்டவாளம் தெரிந்துவிட்டது. 'ஒன்றும் அறியாதவன்' என்ற பொருளில் லத்தீனில் பிறந்து, பிரான்ஸ் வழியாக இங்கிலாந்துக்கு வந்து, முதலில் முட்டாளைக் குறித்து, அப்புறம் தொட்டதற்கெல்லாம் சிணுங்குகிறவனைக் குறித்து, கடைசியில்தான் நல்ல பேர் வாங்கியிருக்கிறது.

மனைவி மேவிஸ் பின்னல் ஊசியை நிறுத்தாமலே கேட்டாள்.

"நாளைக்கு அம்மா வீட்டுல சாப்பாடு. ரூபார்ப் கிரம்பிள் உண்டு. என்ன சொல்வீங்க?"

ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டின் மேல் மாவைத் தூவிச் சுடுகிற இனிப்பு அது. மாமியார் ஐவி அதற்குச் சர்க்கரையைக் கண்ணில் மட்டும் காட்டுவார். இருபது வருஷமாக 'நைஸ்' என்று சொல்லித்தான் தப்பித்து வந்தேன். அதைச் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் மேலே துருவமாட்டார்கள்.

"அந்தச் சொல் இல்லாம சமாளிச்சுட்டா, இனிமே சனிக்கிழமையெல்லாம் உங்களுக்கு. தூண்டிலோட ஆத்துக்குப் போங்க."

"தோத்தா?"

"வழக்கம்போல அம்மாவோட கடை கடையா சுத்தலாம். பை தூக்க நீங்க."

மறுநாள் மாமியார் கிண்ணத்தை என் முன்னால் வைத்தார். ஒரு வாய் வைத்தேன். காதுவரை கூசியது.

"எப்படி இருக்கு மாப்ளே?"

நுனி நாக்குக்கு வந்த சொல்லை விழுங்கினேன். மேவிஸ் கஸ்டர்டை ஊற்றியபடி என்னையே பார்த்தாள்.

"இந்த மாதிரி நான் வேற எங்கயும் சாப்பிட்டதே இல்ல அத்தே. வாயில வெச்சதும் கண்ணு கலங்கிடுச்சு."

அத்தனையும் சத்தியம். மாமியாரின் கண்ணும் கலங்கியது.

"இத்தனை வருஷமா 'நைஸ்'னு ஒத்தை வார்த்தையில முடிச்சுடுவீங்க. பிடிக்கலைன்னுல்ல நினைச்சேன். சனிக்கிழமை ஆத்துக்குப் போறீங்களாமே, மேவிஸ் சொன்னா. நானும் வரேன். கடைக்கு யார் போறா? ஒரு தட்டு நிறைய கிரம்பிள் கொண்டு வரேன்."

"இந்தச் சனிக்கிழமையா அத்தே?"

"எல்லாச் சனிக்கிழமையும் மாப்ளே."

திரும்பும் பஸ்ஸில் மெல்லக் கேட்டேன்.

"மேவிஸ், ஜெயிச்சது நான்தானே?"

"நீங்கதான். சந்தேகமே இல்ல."

"அப்ப சனிக்கிழமை நீ என்ன பண்ணுவே?"

"அம்மாவும் இல்ல, நீங்களும் இல்ல. காலை நீட்டி உக்காந்து தேநீர் குடிப்பேன்" என்றாள் மேவிஸ். "ரொம்ப நைஸா இருக்கும்."