நாலாம் நம்பர் சிஸ்டத்து ஆவி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பேய்கள் அந்த மாதம் மனிதர்களை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிடிக்க ஆரம்பித்திருந்தன.

மஞ்சள் துணி சுற்றிய சி.பி.யு.வை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்சீட்டில் அம்மாக்கள் போனார்கள். பிரிண்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒருவர் நடந்தே போனார். எல்லோரும் போன இடம் ஒன்றுதான்: யந்திர சித்தர் பாலகுரு சுவாமிகளின் அருள்மாடம். சென்ற வருஷம் வரை அதே கடையில் செல்போன் கவர் விற்றவர் அவர். கவர் கிழிந்தால் வாங்கினவன் திரும்பி வந்து சண்டை போடுவான். அருளுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

மதம் பார்க்காதவர் சுவாமிகள். இந்து வீட்டுக்குத் திருநீறு, கிறிஸ்தவ வீட்டுக்கு மந்திரித்த மெழுகுவத்தி. காணிக்கை மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

விமல்ராஜ் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று அவனே நம்பிக்கொண்டிருந்தான். பத்து சிஸ்டம் போட்டு கேமிங் சென்டர் நடத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை கார் ரேஸ் போட்டி. பதினாறு அணிகள் பெயர் கொடுத்துவிட்டன. செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து நாலாம் நம்பரிலும் ஐந்தாம் நம்பரிலும் அந்த கேம் திறந்த வேகத்தில் செத்தது. ஒரு விநாடி இசை வரும். திரை கறுக்கும். அவ்வளவுதான்.

ரீஸ்டார்ட் செய்தான். தூசி தட்டினான். டிரைவரைப் புதுப்பித்தான். கேமையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். அதே ஒரு விநாடி இசை, அதே கறுப்பு.

"அண்ணே, தப்பா எடுத்துக்காத. நாலாம் நம்பர் ஜெர்ரி சீட்டு" என்று காதைக் கடித்தவன் ராஜ்கமல். சமீபத்தில் விளையாட வர ஆரம்பித்தவன்.

ஜெர்ரி தினமும் வந்து அந்த இடத்தில்தான் உட்காருவான். நாலு மாதத்துக்கு முன் காலாப்பட்டுப் பக்கம் ஈ.சி.ஆரில் பைக் விபத்தில் போய்விட்டான். இருபத்துமூன்று வயசு.

அன்றைக்கே சுவாமிகளிடம் போனான். அவர் கண்ணை மூடினார். "நாலாம் நம்பர் தெரியுது... ரோட்டுல போன உயிரு... ஆட்டம் முடியலன்னு அழுவுது..."

இவன் வாயே திறக்கவில்லை! விமல்ராஜின் கை மயிர் எழுந்து நின்றது. கேமிங் சென்டரில் காதைக் கடித்த வாய் அருள்மாடத்திலும் கடித்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மயிர் எழுந்து நிற்கும்போது மூளை உட்கார்ந்துவிடும்.

"ஆவி ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தாவும். ரெண்டு சிஸ்டத்தோட கிராபிக்ஸ் கார்டையும் கழட்டி நடுக்கடல்ல விடணும். சனிக்கிழமை வந்து பூஜை போட்டு நானே எடுத்துட்டுப் போயி விடறேன்" என்றார் சுவாமிகள்.

புதுச்சேரி ஆவிகளுக்கு நல்ல ரசனை. பழைய மவுஸில் எதுவும் குடியேறாது. சிஸ்டத்திலேயே விலை அதிகமான பொருள்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை புஷ்பமேரி வந்தாள். ஜெர்ரியின் அம்மா.

"எம் புள்ள இங்கதான் இருக்கானாமே? நான் செத்த நேரம் அந்த சீட்டுல உக்காந்துக்கறேம்பா."

உட்கார்ந்தாள். கறுப்புத் திரையைத் தடவினாள். "சாப்ட்டியாடா?" என்றாள்.

விமல்ராஜ் வெளியே போய் நின்றுகொண்டான்.

அம்மாவைத் தேடிக்கொண்டு மெரின் வந்தாள். ஜெர்ரியின் அக்கா; ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. கண்ணாடிக் கதவு வழியாகவே உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணா, எங்கம்மா போன வாரந்தான் ஒழுங்கா சோறு தின்ன ஆரம்பிச்சாங்க. இப்ப இது. நாளைக்கு சாமி வர்றதுக்கு முன்னாடி எனக்கு அரை மணி நேரம் குடுங்க."

"சாமி காரியம், மெரின். எதுனா ஆயிடப்போவுது."

"என் தம்பிதானே? என்னை ஒண்ணும் பண்ண மாட்டான்."

விமல்ராஜ் தலையாட்டினான்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தாள். பத்தும் ஒரே அச்சுக் கறுப்புப் பெட்டிகள். நாலு, ஐந்தாம் மேசைப் பெட்டிகளை ஒன்பது, பத்துக்கு மாற்றினாள். அங்கே இருந்ததை இங்கே வைத்தாள். பிறகு சென்டரின் ரிஜிஸ்டரை வாங்கிப் படித்தாள்.

பதினொரு மணிக்கு சுவாமிகள் உடுக்கையோடு இறங்கினார். தெருவே உள்ளே புகுந்தது; புஷ்பமேரி சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடம் கிடைக்காதவர்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றார்கள். ராஜ்கமல் பயபக்தியோடு கற்பூரத் தட்டு ஏந்தினான்.

மெரின் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டாள்: "சாமி, பூஜைக்கு முன்னாடி ஒரு வார்த்தை. எந்தம்பி இப்ப எதுல இருக்கான்?"

சுவாமிகள் நாலாம் மேசையைச் சுட்டினார். "இதோ! மூச்சு விடறது கேக்குது!"

மெரின் சுவிட்சைப் போட்டு கேமைத் திறந்தாள். இசை வந்தது. கார்கள் உறுமிக்கொண்டு வரிசையில் நின்றன.

கூட்டம் குசுகுசுத்தது. சுவாமிகள் உடுக்கையை ஓங்கி அடித்தார். "அஞ்சுக்குத் தாவிட்டான்!"

ஐந்தைத் திறந்தாள். அங்கேயும் கார்கள்.

சுவாமிகள் அசரவில்லை. "பாத்தீங்களா? என் காலடி பட்டதுமே வெளியேறிட்டான்! இடம் சுத்தம்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. விமல்ராஜின் கையும் பாதி தூரம் எழுந்தது.

"பத்து சிஸ்டமும் சுத்தமா சாமி?"

"சத்தியம்!"

மெரின் ஒன்பதாம் மேசைக்குப் போனாள். ஒரு விநாடி இசை. கறுப்பு. பத்தாம் மேசையிலும் அதே கதை.

"காலையில பெட்டிகளை நான் மாத்தி வச்சேன். நாலாம் நம்பரு பெட்டி ஒம்பதுலதான் இருக்கு. பக்கத்துலயே கெடக்கு, மூச்சு விடறது இப்ப கேக்கலியா சாமி?"

பின்னால் யாரோ சிரித்தார். அது தொற்றிக்கொண்டது.

மெரின் ஒன்பதாம் மேசைத் திரையில் ஒரு ஃபைலைத் திறந்து காட்டினாள். "இது கேமோட செட்டிங்ஸ். தனி எடத்துல இருக்கும். கேமை அழிச்சுப் போட்டாலும் இது போவாது. இதுல எவனோ கண்டபடி தட்டி வச்சிருக்கான்." அதை அழித்தாள். கேமைத் திறந்தாள். திறந்தது. கார்கள் நின்றன.

"இதைக் கெடுத்த நேரம் ஃபைல்லயே பதிஞ்சிருந்துச்சு: செவ்வா சாயங்காலம் நாலு இருவது. ரிஜிஸ்டர்ல நாலு மணிக்கு நாலாம் நம்பர், ராஜ்கமல். அஞ்சு மணிக்கு அஞ்சாம் நம்பர், திரும்பவும் ராஜ்கமல். ஆவி கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள வந்திருக்கு."

கற்பூரத் தட்டு கீழே விழுந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாமிக்கண்ணு முன்னால் வந்தார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கிறவர். "எம் பையன் கிராபிக்ஸ் கார்டைப் போன வாரம் விசைப்படகுல போயி நடுக்கடல்ல விட்டேன்னு சொன்னியே, எந்தப் படகுய்யா அது? இது மீன்பிடித் தடைக்காலம்! எங்க படகெல்லாம் கரையிலல்ல கெடக்கு?"

சுவாமிகள் வாசலைப் பார்த்தார். ராஜ்கமல் முந்திக்கொண்டான். "கார்டெல்லாம் வித்தது அவர்தான். நான் ஃபைலை மட்டுந்தான் கெடுத்தேன்!"

புஷ்பமேரி மெதுவாக எழுந்தாள். "அப்ப அவன் இங்க இல்லியா?"

"இல்லம்மா" என்றாள் மெரின். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

புஷ்பமேரி சுவாமிகளின் எதிரே போய் நின்றாள். அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "உனக்குப் பொழப்புக்கு எம் புள்ள பேர விட்டா வேற பேரே கெடைக்கலியாய்யா?" என்று மட்டும் கேட்டாள். சுவாமிகள் தலை குனிந்தார். அவருக்கு முன்பே விமல்ராஜ் குனிந்திருந்தான். "என்னை மன்னிச்சுடுங்கம்மா. நான்தான் இந்தாளை இங்க கூட்டியாந்தேன்" என்றான்.

சாமிக்கண்ணுவும் நாலு பேரும் குருவையும் சீடனையும் காவல் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். கூட்டம் திருந்திவிட்டது என்றுதான் விமல்ராஜ் நினைத்தான். அப்போது ஓர் அம்மாள் மடியிலிருந்த சி.பி.யு.வை மெரினின் காலடியில் வைத்தாள்.

"தாயி, உன் கை ராசியான கை. இதையும் ஒரு தடவை தொட்டுக் குடும்மா."

பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

மெரின் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் கையால தொறக்கலம்மா, மூளையால தொறந்தேன். அது உங்க எல்லாருகிட்டயும் இருக்கு. வாங்கின நாள்லேர்ந்து சுவிட்சு போடாம வச்சிருக்கீங்க. ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்!"