கொசு வாத்தியாரின் அம்புக்குறிகள்

மனிதர்களைக் கொசுவின் பக்கம் நின்று பார்த்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்தவரை, சங்ககிரியில் எங்கள் தெருவில் குடியிருந்த கொசு வாத்தியார்தான்.

கல்லூரியில் கணக்கு நடத்துபவர். டெங்கு எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குத் தாவும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. அதற்குத் தெருவின் நடமாட்டம் முழுக்கத் தெரிய வேண்டும். ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"காத்தால எங்கீங்க உக்காந்திருந்தீங்க?"

"வாசல்லதானுங்க."

"லுங்கியா, பேண்டா?"

நான் முழித்தேன். "டெங்குக் கொசு பகல்ல கடிக்குமுங்க. கால் எவ்வளவு தெரிஞ்சுதுங்கறது அதுக்கு முக்கியம்" என்றார்.

இப்படி வீடு வீடாக விசாரித்து, தண்ணீர் தேங்கிய சட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டே வரைந்த தெருப்படத்தை டீக்கடையில் ஒட்டினார். வீட்டுக்கு வீடு அம்புக்குறி. பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு சம்பந்தி வீடுகளுக்கு நடுவே தடியான அம்பு. இரண்டு தரப்பும் சண்டைக்கு வந்துவிட்டது.

"நீங்க போகலீங்க. கொசு போயிட்டு வருதுங்க" என்று சமாதானம் சொன்னார்.

மழைக்குப் பிறகு நிஜமாகவே டெங்கு வந்தது. என் அக்கா மகளும் இன்னும் சிலரும் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். பழி லாரி டயர் கடை பழனியண்ணன் மேல் விழுந்தது. பழைய டயர்களில்தானே மழைத்தண்ணீர் தேங்கும்? கடையைக் காலி செய்யச் சொல்லி டீக்கடை முன்னால் கூடிவிட்டோம்.

திறந்த லேப்டாப்போடு வாத்தியார் ஓடி வந்தார். யார் யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்பதை வைத்து, கணக்கைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாராம்.

"டயர்க்கடை இல்லீங்க. என்ற ஊடுங்க" என்றார், லாட்டரி விழுந்த முகத்தோடு.

கூட்டம் மொத்தமும் அவர் வீட்டுக்குள் நுழைந்தது. குடம், சட்டி எல்லாம் கவிழ்ந்துதான் கிடந்தன. அவர் மனைவி பிரிட்ஜை இழுத்தார். பின்னால் தண்ணீர் வடிகிற தட்டில் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

"ஏனுங்க, ஊருச் சட்டியெல்லாம் கவுத்தீங்களே, இதுக்குப் பின்னால எட்டிப் பாத்தீங்களா?"

"நாம் பாக்கல. கணக்கு பாத்துருச்சு பாரு."

அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் யாருக்கும் திட்ட வாய் வரவில்லை.

சில நாளில் அவரும் படுத்தார். பழனியண்ணன்தான் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "அடுத்தது நான்னு கணக்குல வந்துச்சுங்க" என்று அந்தக் காய்ச்சலிலும் வழியெல்லாம் பெருமை.

எல்லோரும் தேறி வீடு வந்தார்கள். பழனியண்ணனும் டயர்களைத் தார்ப்பாயால் மூடிவிட்டார்.

வாத்தியாருக்கு இப்போது மேட்டூரில் வேலை. போன ஞாயிறு நானும் பழனியண்ணனும் மேட்டூர் போய் வந்தோம். அங்கே எங்களுக்கு வேறு சோலி எதுவும் இல்லை.