கால்பந்துத் தேர்வில் தூங்கிய அப்பா

உயிரே போனாலும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். அப்போது அவர் குளியலறையில் இருந்தார். வீட்டில் அவர் சுதந்திரமாக முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

வாரத்தில் ஆறு நாள் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டு, "மேல இருந்து படிங்க, இப்ப தெளிவா இருக்கா, இப்ப?" என்று ஊராரைக் கேட்டுக் கேட்டு அவருக்கே கண் மங்கிப் போயிருந்தது. ஏழாவது நாள் அந்தக் கண்களை மத்தியானம் வரை மூடி வைத்தே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

இப்போது கட்சிக்கு ஆபத்து வந்திருந்தது. வீட்டில் 'வாலு' என்று கூப்பிடப்படும் அவருடைய பன்னிரண்டு வயது மகள், பள்ளிக்கூட மைதானத்தில் சும்மா உதைத்துக்கொண்டிருந்தவள், போட்டிகளுக்குப் போகும் கிளப் அணியில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இன்னொரு காலால் பந்தைத் தட்டிக்கொண்டும் இருந்தாள்.

"சேர்ந்தா நாம என்னென்ன செய்யணும்?" என்று மனைவியிடம் கேட்டார்.

மனைவி குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போடும் நர்ஸ். "ஜன்னல்ல பாரு, குருவி!" என்று காட்டிவிட்டு, குழந்தை குருவியைத் தேடி முடிப்பதற்குள் குத்திப் பஞ்சையும் வைத்துவிடுவாள்.

"பெரிசா ஒண்ணும் இல்லைங்க. வாரத்துல மூணு சாயங்காலம் பயிற்சி. கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரணும்."

"சரி."

"ஞாயித்துக்கிழமை மேட்ச்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்குத்தான்."

"அடடே, பரவாயில்லையே!"

"வெளியூர்ல. விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும்."

கண்ணாடிக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"மழை பெஞ்சா?"

"குடை பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

"ஆட்டத்தை நிறுத்த மாட்டாங்களா?"

"இடி விழுந்தா நிறுத்துவாங்களாம்."

"யார் மேல?"

"முதல்ல தேர்வுல தேறணுமே. அத்தனை பிள்ளைங்க வருவாங்க, பதினாறு பேரைத்தான் எடுப்பாங்க. அதுவும் கோச் மேடம் பிள்ளைங்களை மட்டும் பாக்க மாட்டாங்களாம். பெத்தவங்களையும் பாப்பாங்களாம்."

"நம்மள எதுக்கு?"

"நமக்கு எவ்வளவு ஆர்வம்னு பாக்கத்தான். அதனால நீங்க மைதானக் கோட்டுக்குப் பக்கத்துல நின்னு நல்லாக் கத்தணும். டிவியில மேட்ச் பாக்கும்போது கத்துவீங்களே, அந்த மாதிரி."

"கத்தலைன்னா?"

"ஆர்வமில்லாத குடும்பம்னு கழிச்சுடுவாங்க. பாவம், பிள்ளை ஆசைப்படறா. எனக்காக ஒரே ஒரு நாள் கத்துங்க."

"பாப்போம், பாப்போம்" என்றார் கண்ணாடிக்காரர். முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. உள்ளே மனசு துள்ளிக் குதித்தது. கழித்துக்கட்டுவதற்கு வழியை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாளே! கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொன்னதற்கு நேர் எதிராகச் செய்தே தன் மானத்தைக் காப்பாற்றி வந்தவர் அவர். இந்த முறை அதில் லாபமும் இருந்தது. பெண்ணை நினைத்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. பள்ளிக்கூட மைதானம் எங்கே போய்விடப் போகிறது என்று உறுத்தலைச் சமாதானப்படுத்திவிட்டார்.

தேர்வு நாளன்று மடக்கு நாற்காலி, செய்தித்தாள், தொப்பி சகிதம் மைதானத்துக்குப் போனார். மற்ற அப்பாக்கள் அதற்குள் களத்தில் இறங்கியிருந்தார்கள். ஒருவர் உள்ளங்கையில் பேனாவால் வியூகம் வரைந்து மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் மகளோடு சேர்ந்து தானும் குனிந்து நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். விசில் ஊதியதுதான் தாமதம், "ஷூட்!" "பாஸ்!" "பின்னாடி வா!" "முன்னாடி போ!" என்று கோட்டைச் சுற்றிச் சந்தைக்கடை. ஒரே பெண்ணைப் பார்த்து அவளுடைய அப்பா முன்னாடி போகவும் அம்மா பின்னாடி வரவும் சொல்ல, அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

கண்ணாடிக்காரர் தூரத்தில் நாற்காலியைப் போட்டு, முகத்தைச் செய்தித்தாளால் மூடிக்கொண்டார். பக்கத்தில் மனைவி.

"என்னங்க இது? எழுந்து கத்துங்க!"

"எனக்குத் தொண்டை சரியில்லை."

தண்ணீர் குடிக்க ஓடிவந்த வாலு அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அப்பா தூங்கறாராம்மா?"

"ஆமாடி."

"அப்பாடா!" என்றுவிட்டு ஓடினாள்.

அந்த 'அப்பாடா' கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. என்னதான் ஆடுகிறாள் என்று பார்ப்போமே என்று செய்தித்தாளைக் கொஞ்சம் இறக்கினார்.

இறக்கியிருக்கக் கூடாது. தன்னைவிட ஒரு தலை உயரமான பெண்ணின் காலிலிருந்து வாலு பந்தைப் பறித்துக்கொண்டு போனாள். இடித்துத் தள்ளினார்கள். விழுந்தாள். யாரையும் பார்த்து முறைக்காமல் எழுந்து மறுபடி பறித்தாள். வீட்டில் ஒரு தட்டைக் கழுவி வைக்க ஒன்பது தரம் சொல்ல வேண்டிய பெண்ணா இது? கண்ணாடிக்காரருக்கு மார்பு விம்மியது. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினார். இன்னொன்று வந்தது. தொப்பியைக் கடித்துக்கொண்டார்.

வாலு கோல் முன்னால் போய்விட்டாள். உதைக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். வாய் திறந்துவிட்டது.

"கத்துங்க! இப்பக் கத்துங்க!" என்று மனைவி விலாவில் இடித்தாள்.

இவள் சொல்லியா நான் கத்துவது? வாயை மூடினார், கண்ணையும் மூடினார், தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணைத் திறந்தபோது, வாலு பந்தைப் பக்கத்திலிருந்த பெண்ணுக்குத் தட்டிவிட, அவள் அதைக் கோலுக்குள் போட்டு, இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கோச் மேடம் நேராக அவரை நோக்கி வந்தார். கண்ணாடிக்காரர் அவசரமாகச் செய்தித்தாளை மடித்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். இவ்வளவு நன்றாக ஆடும் பிள்ளையைத் தன் தூக்கத்துக்காகக் கெடுத்துவிட்டோமே! தூக்கமாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது.

"மேடம், எனக்கு ஆர்வம் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. எனக்குள்ள ஆர்வம் எக்கச்சக்கமா..."

"நீங்க பேசாதீங்க சார். பேசாம இருந்ததுதான் அழகு."

"மேடம்?"

"ஒவ்வொரு வருஷமும் நல்லா ஆடற பிள்ளைங்களை அப்பாவுக்காகவே கழிக்க வேண்டியிருக்கு. கோட்டுல நின்னு ஆளாளுக்குக் கோச்சா ஆயிடறாங்க. பிள்ளை யார் பேச்சைக் கேக்கும்? உங்க பொண்ணு தலையைத் தூக்கி யார் எங்க நிக்கறாங்கன்னு பாத்து ஆடறா. வெளியே இருந்து ஒரு குரல் வரலை பாருங்க, அதனால. உங்களை மாதிரி அப்பாவை நான் பாத்ததே இல்லை. அவளை எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா!" கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரே நிபந்தனை. வருஷம் முழுக்க இப்படியே இருக்கணும். நீங்க கத்தினா அவ வெளியே உக்காருவா. அப்புறம், இன்னும் நாலு பிள்ளைங்களை ஞாயித்துக்கிழமை உங்க வண்டியில ஏத்தி விடறேன். அமைதியானவர் ஓட்டினா எனக்கு நிம்மதி."

திரும்பும்போது பின் சீட்டில் வாலு கால்களை நீட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய காலுறைகளின் வாசனை வண்டி முழுக்க நிறைந்திருந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் கண்ணாடிக்காரருக்குப் பொறி தட்டியது.

"ஏய், கத்தணும்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"கத்தினவங்க பிள்ளைங்களை இல்ல கழிக்கறாங்க!"

"ஆமா. எங்க ஆஸ்பத்திரி டாக்டர் பொண்ணைப் போன வருஷம் அப்படித்தான் கழிச்சாங்க. மனுஷன் ரொம்பக் கத்திட்டார்."

"தெரிஞ்சேவா சொன்னே?"

"கத்தாதீங்கன்னு சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

பின் சீட்டில் பாட்டு நின்று சிரிப்பு கேட்டது.

கண்ணாடிக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை யாருன்னு நினைச்சே? அடுத்த ஞாயிறு அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல நின்னு எப்படிக் கத்தறேன் பாரு!"

"தாராளமாக் கத்துங்க" என்றாள் மனைவி. "நல்லா சத்தமாக் கத்துங்க."

கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். யோசித்தார். மூடினார்.

"அலாரம் எத்தனை மணிக்கு வைக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.