அஞ்சு பர்சென்ட்

மீட்டரில் ஒன்பது காட்டியது. தொட்டிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்பதேதான்.

ஐந்து இருக்க வேண்டும். எண்ணெயும் பிசுக்குமாக வரும் இரும்பு உதிரிப் பாகங்களைக் கழுவும் வெந்நீர்த் தொட்டிக்கு அவர்தான் பொறுப்பு. நூற்றுக்கு ஐந்து பங்கு கெமிக்கல், மீதி தண்ணீர். குறைந்தால் பிசுக்குப் போகாது. கூடினால் இரும்பின் மேல் வெள்ளை பூத்துவிடும், கழுவுகிறவர்களின் கைத்தோலும் உரியும். அதை அளக்கக் கையடக்கமாக ஒரு கருவி. ரிஃப்ராக்டோமீட்டர் என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் தொட்டி ஆறிவிடும் என்பதால் எல்லாருக்கும் அது வெறும் மீட்டர். முனையிலுள்ள கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேருகிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் கணக்கு.

ஒன்பது வந்த காரணம் அவருக்கே தெரியும். இன்று தலைமை அலுவலகத்திலிருந்து தர ஆய்வு. அந்தப் பயத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று நேற்று வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு கேனை அதிகமாகக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்.

வேறு யார் ஆய்வுக்கு வந்திருந்தாலும் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். வரப்போவது மனைவியின் அண்ணன்.

மச்சான் பிறவியிலேயே அளவுகோலோடு வந்தவர். கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளையின் உயரம் சொன்னதைவிடக் கூடுதலாகத் தெரிகிறது, எதற்கும் ஷூவைக் கழற்றச் சொல்லுங்கள் என்றவர். வீட்டுக்குச் சாப்பிட வந்தால், உட்காரும் முன் மேசையைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆடும். "மாப்பிள்ளை, ஒரு கால் குட்டை" என்பார். மேசையைத்தான் சொல்கிறார் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது.

"உங்கண்ணன் நாளைக்கு என்னைக் கழுவி ஊத்தப் போறார்" என்று மனைவியிடம் புலம்பியதற்கு, அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை, வேலை என்று வந்தால் கொஞ்சம் கறார், அவ்வளவுதான் என்று அவள் சமாதானம் சொல்லியிருந்தாள். தேறாவிட்டால் தொட்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுத் தன்னைக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பப் போவதாக மேனேஜர் எச்சரித்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. கிடங்கில் எலிகள் உண்டு. எலி என்றால் அவருக்கு ஆகாது.

சரி, ஒன்பதைக் குறைப்பதென்ன பெரிய வித்தையா? தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஆய்வாளர் காலையிலேயே வந்துவிட்டார், மற்றப் பிரிவுகளை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் உன்னிடம் வருவார், மானத்தை வாங்கிவிடாதே என்று மேனேஜர் விளக்கி முடிக்கிற வரைக்கும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து பார்த்தால் இரண்டு.

இருந்த கேனில் மிச்சமிருந்த கெமிக்கலை ஊற்றினார். அது போதாது என்று, கலக்கக்கூட நிற்காமல் ஸ்டோருக்கு ஓடிப் புதுக் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க அதில் பாதியைக் கவிழ்த்தார். பிறகு நிதானமாகத் துடுப்பால் கலக்கி, ஒரு சொட்டை ஆறவிட்டு, மீட்டரைத் தூக்கிப் பிடித்தார்.

பதினொன்று.

கணக்கு எங்கேயோ உதைத்தது. ஊற்றினதற்கு ஆறு வரலாம், மிஞ்சிப்போனால் ஏழு. பதினொன்று எந்த ஊர் நியாயம்?

தொட்டிக்கு அந்தப் பக்கம், பின்கதவை ஒட்டிய மேசையில், கழுவிய பாகங்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்த பேக்கிங் அக்கா தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும்..."

"இப்ப வேண்டாங்க்கா. மனசுல கணக்குப் போட்டுக்கிட்டிருக்கேன்."

அக்கா தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பாகத்தைச் சுற்றினார்.

மீட்டர் மேல் சந்தேகம் வந்தது. கண்ணாடியைத் துடைத்து, குடிக்கிற தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கோடு பூஜ்யத்தில் அசையாமல் நின்றது. கருவி யோக்கியமானதுதான். அப்படியானால் கண்தான் கெட்டுவிட்டதா? இடது கண்ணால் பார்த்தார், அதுவும் பதினொன்று என்றது. தண்ணீரைத் திறந்துவிட்டு, இந்த முறை ஏமாறக்கூடாது என்று பக்கத்திலேயே நின்றார். பாதி வழியில் ஸ்டோர்க்காரர் வந்து, கையெழுத்துப் போடாமல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தது என்ன பழக்கம் என்று சண்டை பிடித்து அவரை இழுத்துப் போனார்.

அந்தச் சண்டை முடிந்து வந்தபோது தொட்டி விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. ஒரு குழாயைத்தான் திறந்த ஞாபகம். இப்போது இரண்டு குழாயும் சொட்டிக்கொண்டிருந்தன. மீட்டரில் மூன்று.

இனி கெமிக்கல் ஊற்ற இடமில்லை. அடிக்குழாயைத் திறந்து கொஞ்சம் வெளியேற்றினார். சாக்கடை வாய் அடைத்திருக்கிறது என்பதைத் தொட்டி அவருக்கு அப்போதுதான் தெரிவித்தது. நுரை பொங்கி, நடைபாதையில் இறங்கி, அவசரமில்லாமல் அலுவலகப் பக்கம் நடந்தது. அதை எதிர்கொண்டு வந்த மேனேஜர், யாரோ பஞ்சு மூட்டையைப் பிரித்துவிட்டார்கள் என்று நினைத்துக் காலை வைத்தார். பிறகு அவர் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

தொட்டிக்காரர் கேனில் மீதியிருந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டு, துடைப்பமும் மரத்தூளும் தேடி ஓடினார். நடைபாதையைத் துடைத்து, மேனேஜரிடம் வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்டு வந்து அளந்தால், எட்டு.

அக்கா மறுபடி வாயைத் திறந்தார்.

"தம்பி, நான் சொல்ல வந்தது..."

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்தத் தொட்டிக்குப் பேய் பிடிச்சிருக்கு. அதைத் தவிர வேற எதுவும் இப்ப என் காதுல விழாது."

மனைவிக்குப் போன் போட்டார். வேலை போனால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவள் பதறாமல், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அவருக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கிடங்கையும் எலிகளையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பிறகு, நடப்பது நடக்கட்டும் என்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, நனைந்த பேன்ட்டை மாற்றப் போனார். கழிவுக் கிடங்குக்குப் போவதென்றாலும் காய்ந்த பேன்ட்டோடு போவது கௌரவம்.

அவர் திரும்பியபோது தொட்டியருகே மேனேஜர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே மச்சான், கையில் தன் சொந்த மீட்டரோடு. மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு சொட்டு எடுத்தார், ஆறவிட்டார், மூடியைச் சாத்தினார், சன்னலுக்கு நேரே தூக்கினார். தொட்டிக்காரர் மனசுக்குள் ஏதோ ஓர் எலி ஓடியது.

"அஞ்சு" என்றார் மச்சான்.

மேனேஜர் நம்பாமல் தானே வாங்கிப் பார்த்தார். தொட்டிக்காரரும் பார்த்தார். நீலமும் வெள்ளையும் ஐந்தில், கோடு கிழித்தாற்போல் சேர்ந்திருந்தன.

"இவ்வளவு துல்லியமா எப்படி மாப்பிள்ளை?"

"எல்லாம் கைப்பழக்கம் மச்சான்."

மச்சான் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். தேறியது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, டீகூட வேண்டாம் என்று போய்விட்டார். மேனேஜர் இடுப்பு வலியையும் மறந்து தொட்டிக்காரரின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

தொட்டிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்கு மறுபடி போன் போட்டு, உங்கண்ணன் எப்படியாவது என்னைக் கவிழ்த்துவிட வேண்டும் என்றுதான் வந்தார், என் கைத்திறமைக்கு முன்னால் பருப்பு வேகவில்லை, வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் என்று தொழிற்கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் அறிவித்தார். போனை வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களாக்கா? என்னை ஒழிச்சுக்கட்டன்னே வந்த மனுஷன். என்ன பண்ண முடிஞ்சுது அவரால? ஆமா, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

அக்கா கையிலிருந்த பாகத்தைச் சுற்றி முடித்துப் பெட்டியில் வைத்தார்.

"உங்க மச்சானைப் பத்தித்தான் தம்பி. நீங்க அந்தப் பக்கம் போனப்பல்லாம் அவரு இந்தப் பின்கதவு வழியா கேனும் கையுமா வந்து, சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டுத் தொட்டியை அஞ்சுக்குக் கொண்டுவரப் பாடுபட்டாரு. கடைசியா வந்து அஞ்சுல நிறுத்தினப்ப, ‘அக்கா, இந்த மனுஷனை எப்படியாவது பாஸ் பண்ண வச்சிடலாம்னு பாத்தா, விடவே மாட்டேங்கிறாரே’ன்னு அழாத குறை."