காந்தம் அண்ணனின் ஊசி நோட்டு

திருப்பூரில் காந்தம் அண்ணனைவிடப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பார்த்ததாக உங்களில் யாராவது சொன்னால், நீங்கள் பார்த்தது அவரைத்தான்.

இடி இடித்தால் கால்குலேட்டரில் இருக்கும் பேட்டரியைக் கழற்றி வைப்பார். லிஃப்டில் ஏறமாட்டார். லிஃப்டுக்குப் பக்கத்துப் படியிலும் ஏறமாட்டார், லிஃப்ட் அறுந்து விழுந்தால் சத்தத்தில் தனக்கு மயக்கம் வந்துவிடுமாம். கம்பெனிக்கு வரும் வழியில் ஒரு நாய் படுத்திருக்கும். அதற்காகத் தினமும் இரண்டு பிஸ்கட் பாக்கெட் வாங்குவார். ஒன்று அந்த நாய்க்கு. இன்னொன்று, அது அன்றைக்குச் சொந்தபந்தங்களோடு வந்திருந்தால் கொடுப்பதற்கு. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எங்கள் யாரிடமாவது நீட்டி, "கோவமா இருக்காங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்பார். பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும். கோபமில்லை என்று சொன்னதும் நிம்மதியாக டீ குடிக்கப் போவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் கம்பெனி ஊசிகளை ஒப்படைத்திருந்தது. போன வருஷம் வரை நான் வேலை பார்த்த அந்தக் கம்பெனியில் கைக்குழந்தைகளுக்கு உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அங்கே ஒரு ஊசி உடைந்தால் சும்மா இன்னொன்றை மாட்டிக்கொள்ள முடியாது. டைலர் மெஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி ஊசி ரூமுக்குக் கொண்டுபோக வேண்டும். காந்தம் அண்ணன் அவற்றை நோட்டில் வரிசையாக வைத்து, ஒரு முழு ஊசியின் நீளம் வருகிறதா என்று பார்த்து, மேலே செலோடேப் ஒட்டுவார். அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு கடுகளவு குறைந்தாலும் விடமாட்டார். எங்கோ ஒரு ஊரில் ஒரு குழந்தையின் கழுத்தில் அது குத்தப்போகிறது என்று அவருக்கு நிச்சயம். தேடுவதற்காகவே அரை சோப்பு அளவில் ஒரு காந்தத்தை நைலான் கயிற்றில் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவருடைய நிஜப் பெயர் சம்பள லிஸ்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. வெளிநாட்டில் வரியை ஏற்றிவிட்டார்கள், ஆர்டர்கள் நிற்கின்றன என்று செய்தி வர ஆரம்பித்தது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட் ஓடியது. பிறகு வாரத்துக்கு நான்கு நாள். முதலாளியின் கார் சீக்கிரம் வந்தால் இன்றைக்குக் கணக்கு முடிக்கப்போகிறார்கள் என்று பயந்தோம். லேட்டாக வந்தால் கம்பெனியை விற்கப் போயிருக்கிறார் என்று பயந்தோம். ஒரு நாள் டீயில் சர்க்கரை குறைந்துவிட்டது, அதற்குப் பேக்கிங்கில் இரண்டு பெண்கள் அழுதார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ ஏதோ ஒரு கம்பெனியின் பூட்டிய கேட்டைப் படம் எடுத்துப் போட, அது எங்கள் கேட்தானா என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி.

காந்தம் அண்ணன் இந்த நேரத்தில் செத்தே போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். நடந்தது வேறு. நாங்கள் எல்லோரும் புதிதாகப் பயப்படக் கற்றுக்கொண்டிருந்தோம், அவருக்கோ அதில் முப்பது வருஷ சர்வீஸ். ஊசி ரூமில் பூனைப் படம் போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று புதிதாக முளைத்தது. பயந்து வருகிறவர்களின் பயத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுத வைத்து, அதை அந்த நோட்டில் ஒட்ட ஆரம்பித்தார். சட்டம் ஊசிக்கு உள்ளதுதான். முதலில் மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டும் வர வேண்டும். பழசை ஒப்படைக்காதவருக்குப் புதுப் பயம் கிடையாது. ஒட்டியதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

அயர்னிங்கில் இருந்த பீகார்க்காரர் ஒருவர் அரைமணி நேரம் இந்தியில் தன் பயத்தைச் சொன்னார். அண்ணனுக்குத் தெரிந்த இந்தி 'அச்சா' ஒன்றுதான். பன்னிரண்டு இடத்தில் அச்சா போட்டார், சீட்டை வாங்கி ஒட்டினார், வந்தவர் மனுவில் முத்திரை விழுந்த நிம்மதியோடு திரும்பிப் போனார். இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று நான் மாடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் வேலை மெர்ச்சன்டைசர். அதாவது வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையருக்கு மெயில் அனுப்புவது, பிறகு பதில் வரும்வரை நகம் கடிப்பது. எங்களிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆர்டர், அதுவும் என் கையில் இருந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பேன். ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது, மூச்சு உள்ளே போக மறுத்தது. விரல்கள் மரத்துவிட்டன. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஆள் பார்க்காத இடம் தேடி, தாழ்ப்பாள் இருக்கிற ஒரே அறையான ஊசி ரூமுக்குள் போய் உட்கார்ந்தேன்.

என்னைப் பார்த்து அவர் என்னைவிட அதிகமாகப் பயந்தார். ஆனாலும் தண்ணீர் கொடுத்தார். என் போனை வாங்கி ஊசி அலமாரிக்குள் குப்புறப் படுக்கவைத்தார். மெஷின் நின்றாகிவிட்டது, டீ டைம் வரைக்கும் இனி ஓடாது என்றார். பிறகு எதிரே உட்கார்ந்தார்.

"எத்தன துண்டுங்க அம்மணி?"

"என்னது அண்ணே?"

"பயம் முழுசா வராதுங்க, ஒடஞ்சுதான் வரும். ஒட்டுக்கா எல்லாத்தையும் நெனச்சா ஆராலயும் தாங்க முடியாதுங்க. ஒவ்வொண்ணா எடுத்து வைங்க."

எடுத்து வைத்தேன். கம்பெனி மூடிவிடும் என்றேன். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் சாயப்பட்டறையில் ஏற்கனவே வாரம் மூன்று நாள்தான் என்றேன். மகளை ஸ்கூல் மாற்ற வேண்டிவரும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். இது தண்டு, இது காது, இதெல்லாம் குத்தாது, குத்துகிற முனை எங்கே என்று கேட்டார். மூச்சு கொஞ்சம் இறங்கியிருந்தது. யோசித்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் விரும்பியவரைக் கல்யாணம் செய்துகொண்டு சாத்தூரிலிருந்து கிளம்பியபோது, நடுத்தெருவில் நிற்கப்போகிறாய் என்று சொன்ன அப்பாவின் முகம் வந்தது.

"வேலை போய் நான் ஊருக்குத் திரும்பிப் போனா, எங்கப்பா 'அப்பவே சொன்னேன்ல'ன்னு சொல்லுவாருண்ணே. அதைக் கேக்கணும்."

காந்தம் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "கெடச்சிருச்சுங்க, முனை."

அதைச் சீட்டில் எழுதினேன், அவர் ஒட்டினார். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அதற்கு ஒரு நீளம் இருக்கிறது என்று தெரிந்தது. அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

அந்தக் கடைசி ஆர்டர் தயாராகிக் கிளம்பும் நாளில்தான், கடைசிக்கு முந்தின டஜனில், ஒரு ஊசி உடைந்தது. இரண்டு துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற லாரி மதியம் இரண்டு மணிக்கு வாசலில் நின்றது. இரும்பைக் கண்டுபிடிக்கிற மெஷின் அன்றைக்குப் பார்த்து மக்கர் பண்ணியது, சரி செய்கிறவர் கோயமுத்தூரில் இருந்து வந்துகொண்டிருந்தார். மேனேஜர் ஊசி நோட்டை நீட்டி, எல்லாத் துண்டும் கிடைத்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார். இந்த லாரி போகாவிட்டால் பையர் ஆர்டரை ரத்து செய்வான், அதோடு இருநூறு பேருக்கும் வேலை இல்லை என்றார். அவர் மிரட்டவில்லை. அவரும் பயந்துகொண்டுதான் சொன்னார்.

காந்தம் அண்ணன் கட்டிங் டேபிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போடப் பயமா இருக்குதுங்க. போடாம இருக்கவும் பயமாத்தானுங்க இருக்குது. ரெண்டுல எத என்னால தாங்க முடியுமோ அத எடுத்துக்கறேனுங்க. போட மாட்டேனுங்க."

அந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "போட்டுருங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று நானும் சொன்னேன். எந்த மனிதர் என் பயத்தை நோட்டில் ஒட்டி எனக்கு மூச்சைத் திருப்பிக் கொடுத்தாரோ, அந்த மனிதரிடம். அவர் என்னைத் திட்டவில்லை. "முனை எங்கீங்க அம்மணி?" என்று மட்டும் கேட்டார். புடவையைச் சொருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தேன்.

என்னைப் பார்த்துச் செக்கிங் பெண்கள் உட்கார்ந்தார்கள், பிறகு டைலர்கள், பிறகு லாரி டிரைவர், கடைசியில் மேனேஜர். இருநூறு பேர் இரண்டரை மணி நேரம் தவழ்ந்தோம். பஞ்சைத் துழாவினோம், செருப்புகளைத் திருப்பிப் பார்த்தோம், கட்டிய பெட்டிகளைப் பிரித்து அந்த லைனில் தைத்த உடுப்புகளை ஒவ்வொன்றாகத் தடவினோம். நாலரை மணிக்குக் காந்தம் அண்ணன் வேர்வை தாங்காமல் சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றி, மெஷினில் மாட்டாமல் இருப்பதற்காக உள்ளே போட்டிருந்த காந்தத்தை வெளியே எடுத்தார். அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது முனை. முதல்முதலில் அவர் காந்தத்தோடு குனிந்து தேடியபோதே ஒட்டியிருக்கிறது, கவனிக்காமல் சட்டைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார்.

பிறகு மேனேஜர் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அது ஃப்ளோர் முழுக்கப் பரவியது. இரண்டு மாதத்துக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். காந்தம் அண்ணன் மட்டும் சிரிக்காமல் மூன்று துண்டையும் வரிசையாக வைத்து, ஒட்டி, நோட்டில் 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் 'தேடினவன் கழுத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரி ஐந்தரைக்குக் கிளம்பியது. கப்பல் எங்களுக்காக இல்லாவிட்டாலும் வேறு எதற்காகவோ தாமதமாகி நின்றிருந்தது. ஆர்டர் தப்பித்தது.

எல்லோரும் போன பிறகு ஊசி ரூமுக்குப் போனேன். அவர் பூட்டிய ஊசி அலமாரியைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பயத்தை எந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒட்டவில்லையாம். ஊசி கொடுக்கிறவரிடம் யார் வந்து கணக்குக் கேட்பது என்றார். பூனை நோட்டைப் பிரித்து, ஒரு சீட்டைக் கிழித்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"எத்தனை துண்டு அண்ணே?"

ஒன்று, மேனேஜரின் குரல் என்றார். தன் வேலை போய்விடுமோ என்பது இரண்டு. இதெல்லாம் தண்டு, காது, முனை எங்கே என்று கேட்டேன். அவர் காந்தத்தின் கயிற்றைத் திருகினார்.

"நான் கையெழுத்துப் போடாததுனால ஆர்டர் போயி, நீங்க சாத்தூருக்குப் போயி, உங்கப்பா அந்த வார்த்தையச் சொல்லிப்போடுவாரோன்னுதானுங்க. அங்க நின்ன நேரமெல்லாம் அதுதானுங்க குத்திக்கிட்டே இருந்துச்சு."

சீட்டில் அதை அப்படியே எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. செலோடேப்பை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். இடி இடிக்கும் நாட்களில் அவருக்குப் போன் செய்கிறேன், கோபமாக இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டப்படி, அவருடைய பயத்தை எழுதிய அந்தச் சீட்டை அன்றைக்கே நோட்டில் ஒட்டி ஒப்படைத்திருக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாது. ஆனால் எனக்காக ஒரு மனிதர் பட்ட பயம் அது, ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.