விருந்தாளிக்குத் தொண்ணூறு சதவீதம்

மயிலாப்பூர்,
புதன்கிழமை காலை.

மஸ்கட்டில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி ஜனாப் மெஹபூப் அலி சாஹிப் அவர்களுக்கு, குலாம் முகம்மது எழுதுவது. சம்பந்தி என்று இன்னும் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அனைவரும் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் மனைவி நஸ்ருன்னிசா தங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாள். மகள் நாஸியாவும் சொல்லியிருப்பாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, அதனால் கேட்க முடியவில்லை. இந்தக் காலத்தில் போய் எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். பேச்சு பாதியில் நின்றுபோனால் என்னவெல்லாம் ஆகும் என்பதை நாம் இருவருமே பார்த்துவிட்டோம். அதோடு நேற்றும் முந்தாநாளும் தங்களை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பார்த்தேன், ரிங்கே போகவில்லை. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். காகிதம் என்றால் போய்ச் சேர்ந்துவிடும், கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு வரியாவது படிப்பீர்கள்.

அந்த ஒரு வரி இதுதான்: நிச்சயதார்த்தத்தன்று லைனை நான் வெட்டவில்லை. எங்கள் கூடத்து டிவியில் தாங்கள் மஸ்கட்டிலிருந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளைகளுக்காக துஆ கேட்டீர்கள், நாங்கள் எல்லோரும் ஆமீன் சொன்னோம். பிறகு ஆள்காட்டி விரலைத் தூக்கி, "எங்க தரப்புல ஒரே ஒரு நிபந்தனை" என்றீர்கள். அங்கே படம் நின்றது. நிபந்தனை என்ற சொல் காதில் விழுந்த நொடியே பெண் வீட்டார் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். வல்லாஹி, அப்படி இல்லை. தவறு என்னுடையதுதான், ஆனால் அது மரியாதையால் வந்த வினை. அதை விளக்க வேண்டுமென்றால் எங்கள் செருப்பு அலமாரிக்கு மேலே இருக்கும் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் மாடியில் நோரா என்ற பெண் குடியிருக்கிறாள். சாந்தோம் கோயிலுக்குப் போகிற குடும்பம், தரமணியில் வேலை. ஊரில் யார் யார் வீட்டு இன்டர்நெட் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பெரிய ரவுட்டர்களுக்குச் சட்டதிட்டம் எழுதிக் கொடுப்பதுதான் அவள் உத்தியோகம். மேலும் கீழும் ஒரே லைன் போதும் என்று முடிவு செய்தபோது, ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓய்வு கொடுத்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் மாட்டினாள். நான் சைதாப்பேட்டை பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். எந்த பஸ் முன்னால் போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று சீட்டெழுதி விசில் ஊதியே தலை நரைத்தவன். அதனால் இந்தப் பெட்டி என்னதான் செய்கிறது என்று கேட்டேன். "உள்ள வர்ற டேட்டால ஒவ்வொரு துண்டையும் நிறுத்தி, நீ யாரு, எங்க போறன்னு கேக்குது அங்கிள். கேட்டுட்டு முத்திரை குத்தி, அதுக்கு உண்டான வரிசையில அனுப்புது. வீடியோ கால்னா முதல் வரிசை, சினிமான்னா கொஞ்சம் நில்லுன்னு சொல்லும்" என்றாள். நிமிஷத்துக்கு எத்தனை துண்டு என்று கேட்டேன். "நிமிஷமா? செகண்டுக்கே லட்சக்கணக்குல போகும் அங்கிள்." நான் அப்படியே செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்துவிட்டேன். சுப்ஹானல்லாஹ்! நான் நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து காலை அமுக்கிவிடச் சொன்னவன்.

அதோடு விட்டதா? லைனைப் பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி வேகம், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தனி அளவு. அதையும் நடுவிலேயே மாற்றலாம், லைன் அறுவதே இல்லை. நஸ்ருன்னிசா போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். நோரா மடிக்கணினியில் ஏதோ தட்டினாள். படம் மங்கியது. "யாரும்மா அது, வெங்காயம் செவந்துச்சா இல்லையான்னே தெரியல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இன்னொரு தட்டு தட்டினாள், வெங்காயம் பளிச்சென்று தெரிந்தது. ஓடுகிற பஸ்ஸுக்கு ஓடும்போதே சக்கரம் மாற்றுகிற மாதிரி! என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க டைம் கீப்பர் அங்கிள், பாஸ்வேர்டு உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்" என்றாள். எனக்குப் பணி ஓய்வு அன்று போட்ட மாலையை விட அது பெரிதாக இருந்தது. அன்றிலிருந்து விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் அந்தத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் யார் என்னென்ன வரிசையில் போகிறார்கள் என்று பார்ப்பதே எனக்கு வேலை. அல்லாஹ் மனிதனுக்கு எவ்வளவு அறிவைக் கொடுத்திருக்கிறான்! அதில் எனக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தது சனிக்கிழமை மதியம் தெரிந்தது.

மறுநாள் நிச்சயதார்த்தம். தங்கள் வீட்டம்மா, தங்கை அஸ்மத்துன்னிசாவும் மாப்பிள்ளை ஷோயபும் அசோக் நகரிலிருந்து அறுபது பேரோடு வருகிறார்கள். பந்தல், பிரியாணி, பன்னீர்ச் செம்பு எல்லாம் சரிபார்த்துவிட்டு, கடைசியாகப் பெட்டியையும் ஒரு பார்வை பார்ப்போம் என்று திறந்தேன். முதல் வரிசை வீடியோ கால், அடுத்து வீட்டார், அடுத்து மாடி, அடுத்து வாசல் கேமரா. எல்லாவற்றுக்கும் அடியில், மிச்சம் மீதி இருந்தால் மட்டும் தரப்படும் என்ற நிலையில், விருந்தாளிகள்! சாஹிப், நான் இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். எங்கள் பரம்பரையில் விருந்தாளி எழுந்து கை கழுவிய பிறகுதான் வீட்டார் உட்காருவது வழக்கம். என் அத்தா தன் கல்யாணத்தன்றே கடைசிப் பந்தியில்தான் சாப்பிட்டார் என்று சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட வீட்டில், சம்பந்தி வீட்டு ஆட்கள் கேமராவுக்கும் கீழேயா? நோரா கிறிஸ்தவப் பெண், நம் வழக்கம் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, விருந்தாளிகளைத் தூக்கி எல்லோருக்கும் மேலே வைத்தேன். தொண்ணூறு சதவீதம் அவர்களுக்கு. மிச்சப் பத்தில் நாங்கள் அனைவரும். கூடத்து டிவி வீட்டாரைச் சேர்ந்ததுதானே, அதுவும் அந்தப் பத்துக்குள். விருந்தாளிகளுக்கான பாஸ்வேர்டைப் பெரிய அட்டையில் எழுதி, மல்லிகைச் சரம் சுற்றி, பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குள் ஐம்பத்தேழு போன்கள் ஏறிவிட்டன. தங்கள் வீட்டார் எப்பேர்ப்பட்ட சந்தோஷத்தில் இருந்தார்கள் என்பதைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். தங்கள் சித்தப்பா மகன் சுபைர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா ஸ்பீடு பாய்! முழு சீரியலும் எறங்கிக்கினு கீது. எங்க ஆபீஸ்ல கூட இப்டி இல்ல" என்றார். ஒருவர் கிரிக்கெட், ஒருவர் தன் போனுக்கு மூன்று மாதமாகப் போடாமல் வைத்திருந்த அப்டேட், பிள்ளைகள் எல்லாம் விளையாட்டு. எனக்குப் பெருமையில் சட்டை பொத்தான் தெறித்துவிடும் போல இருந்தது. அந்தப் பெருமையோடு திரும்பிப் பார்த்தால், டிவியில் தாங்கள் வாயைத் திறந்து, ஒரு விரலைத் தூக்கியபடி நின்றுபோயிருக்கிறீர்கள்.

நாற்பது நிமிஷம். நோரா கோயிலில் பூசைக்குப் போயிருந்தாள், போனை அணைத்து வைத்துவிட்டாள். பெட்டி கெட்டுவிட்டதோ என்று நான் அதைத் துணியால் துடைத்தேன், ஊதினேன், யாசீன் கூட ஓதினேன். அது கெடவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி, அப்பழுக்கில்லாமல் செய்துகொண்டிருந்தது. அந்த விரலுக்குக் கீழேயே பந்தி நடந்தது. ஒரே ஒரு நிபந்தனை, ஒரு விரல் என்றதும் ஆளாளுக்கு அர்த்தம் சொன்னார்கள். ஒரு கார் என்றார் ஒருவர். ஒரு ஃப்ளாட் என்றது ஒரு குரல். "ஒரு மாசத்துல நிக்காஹ்னு சொல்லுவாரு, அதான்" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். ஷோயப் தம்பி வியர்த்துப்போய், "எங்க அத்தா அப்டியெல்லாம் கேக்கற ஆள் இல்ல மாமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், பிரியாணியைத் தொடவே இல்லை.

நாஸியா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "அத்தா, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொல்லிட்டேன். அவங்க ஒண்ணு கேக்கறது, நாம ஒண்ணு குடுக்கறது, அந்தப் பேச்சே கூடாதுன்னு. நிபந்தனைன்னு வந்தா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்றாள். குரல் உயரவில்லை, கண் மட்டும் நிறைந்திருந்தது. சாஹிப், ஷோயப் தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் முகம் எப்படி ஆகும் என்பதை இந்த ஆறு மாதமாகப் பார்த்து வருகிறேன். எனக்கு அது ஒன்றுதான் பெரிது. அது போய்விடுமோ என்று அந்த நேரத்தில் எனக்கு வந்த பயம் இதுவரை வந்ததே இல்லை. பிறகு நோரா வந்தாள். திரையைப் பார்த்தாள். "அங்கிள், கெஸ்டுக்குத் தொண்ணூறு பர்சன்டா!" என்று தலையில் கை வைத்தாள். ஒரே ஒரு தட்டு. டிவிக்கு உயிர் வந்தது. ஆனால் மஸ்கட்டில் நாற்காலி காலியாக இருந்தது.

அன்று முதல் தாங்கள் என்னோடு பேசவில்லை. தங்கை அஸ்மத்துன்னிசாவிடம் கேட்டேன். "அவரு உங்ககிட்ட சொல்லிட்டாராம்ணே. இது பெரியவங்க ரெண்டு பேரு சமாச்சாரம், பதில் நீங்கதான் சொல்லணுமாம்" என்கிறார்கள். எதைச் சொன்னீர்கள் சாஹிப்? நான் பார்த்தது ஒரு விரலைத்தானே? அந்த வாக்கியத்தின் மிச்சத்தைத் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். என்னால் முடிந்ததாக இருந்தால் செய்கிறேன். முடியாததாக இருந்தால் அதையும் நேராகச் சொல்கிறேன், நாஸியாவின் மனசை மீறி எதுவும் செய்ய மாட்டேன். பெட்டியை நோரா பழையபடி ஆக்கிவிட்டாள். ஒன்றே ஒன்று மட்டும் அன்றைக்கே அவளிடம் கேட்டு வாங்கினேன். விருந்தாளிக்குக் கீழே யாராவது இருந்தே ஆக வேண்டும், அது நானாக இருக்கட்டும் என்று. "ஒரு நாளைக்குக் கொஞ்சூண்டுதான் வரும் அங்கிள், அது தீந்துட்டா மறுநாள்தான். பரவால்லையா?" என்றாள். தாராளமாகப் போதும் என்றேன். எங்கள் ஓய்வுபெற்ற டைம் கீப்பர்கள் குரூப்பில் விடிவதற்குள் காலை வணக்கம் சொல்லி வந்து குவியும் ரோஜாப்பூப் படங்களைப் பார்க்க அது போதும். இப்போதுதான் வீட்டுக்காரனுக்கு உரிய இடத்தில் இருக்கிற நிம்மதி எனக்கு.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நோயற்ற வாழ்வையும், என்னைப் பொறுத்துக்கொள்ளும் மனதையும் தருவானாக. வஸ்ஸலாம்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
குலாம் முகம்மது,
டைம் கீப்பர், ஓய்வு.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். கவரில் எழுதத் தங்கள் முகவரி தேவைப்பட்டது. தாங்கள் எப்போதோ அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தீர்கள், தேடித் தரும்படி மூன்று நாளாகப் பேசாத நாஸியாவிடம் வாய்விட்டுக் கேட்டு, போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவள், "அத்தா, இது என்ன?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குத் தாங்கள் அனுப்பிய குரல் பதிவு. மூன்று நாளாக அது இறங்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தினம் எனக்கு வரும் கொஞ்சூண்டை விடிகாலையிலேயே ரோஜாப்பூக்கள் தின்றுவிட்டிருக்கின்றன. ரிங் போகாததற்கும் அதுதான் காரணமாம், தாங்கள் தடுத்து வைக்கவே இல்லையாம். நாஸியாவே என் பாஸ்வேர்டைப் போட்டுப் பெட்டியின் திரையைத் திறந்து என்னை மேலே தூக்கினாள். அடுத்த நொடி தங்கள் குரல் வந்தது.

"குலாம் பாய், லைன் போச்சு, பரவால்ல. ஒரே ஒரு நிபந்தனைன்னு சொன்னேன்ல? என் பெரிய பொண்ணு நிக்காஹ்ல, மாப்ள வீட்டு ஆளுங்க எல்லாரும் சாப்ட்டு முடிச்சப்புறம், நாலு மணிக்கு, சட்டி ஓரத்துல நின்னுகினே ரெண்டு வாய் தின்னேன். பொண்ணப் பெத்தவன் அன்னிக்கு அப்டி நிக்கக் கூடாது பாய். நம்ம வீட்டு நிக்காஹ்ல மொத சஹன்ல, ஒரே தட்டுல சேந்து சாப்பிடற மாதிரி, என் பக்கத்துல நீங்க உக்காரணும். நீங்க கை வெக்காம நான் கை வெக்க மாட்டேன். வேற எதுவும் வேணாம். சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

சரி சாஹிப். சரி, சரி. மூன்று நாள் தங்களைக் காக்க வைத்ததற்கு மன்னியுங்கள். எனக்குக் கண்ணாடியைத் துடைத்து மாளவில்லை, நஸ்ருன்னிசா முந்தானையைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. நாஸியா மட்டும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். வீட்டார் என்ற வரிசையில், என் பெயருக்கு அடுத்ததாகத் தங்கள் பெயரைச் சேர்த்துவிட்டாள். பாஸ்வேர்டை நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.