கண்ணாடி அலுமாரியில் குடியேறிய நாத்திகம்

கடவுள் இல்லை என்று நம்பிக்கொண்டு வீட்டில் பேசாமல் இருக்கும் நாத்திகரைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவரால் யாருக்கும் கரைச்சல் இல்லை, கடவுளுக்கும் இல்லை. நாம் பார்க்கப்போவது, கடவுள் இல்லை என்று சொல்வதற்காகவே தவறாமல் கோயிலுக்கு வருகிறவரை. தேர்த்திருவிழாவென்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். அன்னதானமென்றால் முதல் பந்தியில் இருப்பார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம், "உதெல்லாம் மூடநம்பிக்கை அண்ணை. அந்தப் பாயாசத்தை இஞ்சால தள்ளுங்கோ" என்பார். உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரியும்தானே?

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் அவருடைய பெயர் உருத்திரமூர்த்தி. பெயருக்குள்ளேயே சிவபெருமான் குந்தியிருக்கிறாரே என்று யாராவது சொல்லிக்காட்டினால், "அது அப்பா விட்ட பிழை" என்று முடித்துவிடுவார்.

இந்த நாத்திக இனத்துக்கு எப்படியும் ஒரு வேதம் வேண்டும். உருத்திரமூர்த்திக்கு அது பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. கிழக்கு ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த பீலிக்ஸ் என்ற கிழவர், தகப்பனார் சேர்த்துவைத்த ஒரு கட்டுப் பத்திரிகையைப் பூச்சாடிகளுக்கு நடுவில் பரப்பியிருந்தார். சோவியத் நாட்டில், கம்யூனிஸ்ட் ஆட்சியில், கடவுளை ஒழிப்பதற்கென்றே அச்சடித்த படப் பத்திரிகை. தொப்பை பெருத்த பாதிரியார்கள், மேகத்தில் குறட்டை விடும் கடவுள், அவரைத் தும்புத்தடியால் கூட்டித் தள்ளும் தொழிலாளி. பார்த்த இடத்திலேயே உருத்திரமூர்த்திக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பக்தர்களுக்குத்தான் மெய்சிலிர்க்கும் என்று யார் சொன்னது?

அன்று மாலையே வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் இருந்த பிள்ளையாரும் முருகனும் அம்மனும் இடம்பெயர்ந்தார்கள். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் சாமிகளுக்கு இடப்பெயர்வு புதிதல்ல. ஆனால் இந்தமுறை ஒதுக்கப்பட்ட முகாம், குசினியில் பிரிட்ஜின் மேல்.

அவருடைய மனைவி ரோஹிணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. பிரிட்ஜ் இரையத் தொடங்கும்போதெல்லாம் பிள்ளையார் நடுங்குகிறார். சாம்பிராணி காட்டினால் கூரையில் பூட்டியிருக்கும் புகைமணி அலறும், அது அலறினால் கீழ்வீட்டு ஜெர்மன்காரி மேலே வருவாள் என்பதால், அடுப்புக்கு மேலே உள்ள புகை இழுக்கும் மெசினைப் போட்டுவிட்டுத்தான் தேவாரம் தொடங்கவேண்டும். அது போடும் இரைச்சலில் தேவாரம் அம்மனுக்குக் கேட்கிறதோ, கேட்கவில்லையோ! புருஷன் கோயிலுக்கு வந்து கும்பிடவேண்டாம், திருநீறு பூசவேண்டாம். அவள் கேட்டது அலுமாரியில் ஒரேயொரு தட்டு.

"இஞ்சருங்கோ, மேல்தட்டை மட்டும் தாங்கோவன்."

"ஏலாது. அது சரித்திரம்."

"அப்ப பிள்ளையார் ஆர்?"

"பொம்மை. பொம்மைக்குப் பிரிட்ஜ் போதும்."

சரி, அந்தச் சரித்திரத்தை அவர் எப்படி வைத்திருந்தார்? ரோஹிணியின் பட்டுச் சால்வையில் சுற்றி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குத் தோய்ந்து, உலர்ந்த சாரம் உடுத்து, கையை மறுபடியும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பிரிப்பார். ஆட்டிறைச்சி சாப்பிட்ட நாளில் தொடவே மாட்டார், எண்ணெய் பட்டுவிடுமாம். ரஷ்ய மொழியில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஐயர் விளங்காத மொழியில் மந்திரம் சொல்கிறார் என்று ஊரெல்லாம் நையாண்டி பண்ணுகிறவர், விளங்காத மொழியில் வந்ததை வாரம் தவறாமல் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்கலங்குவார்.

"அப்ப கும்பிடுறன் எண்டே சொல்லுங்கோவன்" என்றாள் ரோஹிணி ஒருநாள்.

மனிதர் குதித்தார். "நானோ? கும்பிடுறனோ? நான் இதைக் கும்பிட்டு நீர் ஒருநாள் கண்டால், முழு அலுமாரியையும் எடும்!"

ரோஹிணி அதை நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டாள்.

பிறகு, பீலிக்ஸ் கிழவர் சொல்லித் தந்த அந்தப் பத்திரிகையின் வரலாற்றை ஊருக்குச் சொல்லவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. இந்த இனத்துக்கு அந்த ஆசை வராமல் போகாது. தமிழ்ச் சங்க மண்டபத்தை ஒழுங்குபண்ணினார். ரோஹிணி ரோல்ஸ் சுட்டாள் என்று கேள்விப்பட்டு மண்டபம் நிறைந்தது. வந்தவர்கள் அத்தனைபேரும் கோயில் சனம். முன்வரிசையில், எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசையில் இருக்கும் அன்னப்பிள்ளை அக்கா.

உருத்திரமூர்த்தி பட்டுச் சால்வையை விரித்து, பத்திரிகைக் கட்டை மேசை நடுவில் வைத்து, முழங்கினார். அரசாங்கமே கடவுளுக்கு எதிராக அச்சடித்ததாம். தொழிற்சாலை தொழிற்சாலையாகக் கொண்டுபோய்ப் பரப்பினார்களாம். வருஷக்கணக்காகக் கடவுளை வாங்கு வாங்கென்று வாங்கினார்களாம். பிறகு போர் வந்தது, ஹிட்லரின் படை உள்ளே புகுந்தது, சனத்தை ஒன்றுசேர்க்கத் தேவாலயக்காரரும் தேவைப்பட்டார்கள். பத்திரிகை நின்றது.

"அப்ப தம்பி," என்றார் அன்னப்பிள்ளை அக்கா, "ஆபத்து வந்தவுடன அவையும் கடவுளிட்டத்தான் ஓடினவையோ?"

"கேள்வியெல்லாம் கடைசியில அக்கா."

"கடைசிமட்டும் நான் இருக்கவேணுமே?"

மண்டபம் குலுங்கியது. உருத்திரமூர்த்திக்குச் சூடேறியது. "கல்லோ, செம்போ, கடுதாசியோ, எந்தப் பொருளையும் கும்பிடாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு மேசையில் ஓங்கி அறைந்தார்.

பட்டு வழுக்கும் சாமான் அல்லவா? கட்டு சரிந்தது. பிடிக்கப் பாய்ந்தார். அது நிலத்தில் விழுந்தது. அவருடைய வலது கால் அதன்மேல், அந்தத் தும்புத்தடித் தொழிலாளியின் முகத்திலேயே, பதிந்தது.

பள்ளிக்கூடத்தில் கொப்பியோ புத்தகமோ காலில் பட்டால் நாமெல்லாம் என்ன செய்வோம்? அதையே செய்தார். பதறிக் குனிந்தார், தூக்கினார், இடக்கண்ணில் ஒற்றினார், வலக்கண்ணில் ஒற்றினார். அதுவும் போதாதென்று கன்னத்தில் மெல்ல இரண்டு தட்டும் போட்டுக்கொண்டார்.

முன்வரிசையில் இரண்டு கைகள் தலைக்குமேல் கூப்பி எழுந்தன.

"அரோகரா!" என்றார் அன்னப்பிள்ளை அக்கா.

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. ரோஹிணி மட்டும் சிரிக்கவில்லை. மேடைக்குப் போய், ஒரு ரோல்ஸை அவர் கையில் கொடுத்து, காதோடு காதாகச் சொன்னாள்: "சாப்பிட்டிட்டு வாங்கோ. வீட்டை போய் அலுமாரி துடைக்கவேணும்."

சொன்ன சொல்லின்படி முழு அலுமாரியும் அவளுக்கு. ஆனால் அவள் எடுத்தது மேல்தட்டு மட்டும். குடியெழுப்பப்பட்டவர்களின் பாடு பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று நின்று அவளுக்கு விளங்கியிருந்தது. பத்திரிகை பட்டோடு கீழ்த்தட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கற்பூரத்தட்டு மேலே சுற்றி முடிந்து, கீழேயும் ஒருமுறை மெல்லச் சுற்றி வருகிறது. நாத்திகர் கதிரையில் இருந்தபடி பார்க்கிறார். "பொறி விழாமல் பாரும்" என்பதைத் தவிர, வேறு ஆட்சேபனை இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். நீங்கள் நம்புகிறவரோ நம்பாதவரோ, அது உங்கள் பாடு. ஆனால் இந்தத் தாள் மடியிலிருந்து நழுவி உங்கள் காலில் பட்டுவிட்டால், குனிந்து எடுக்கிற கை அடுத்து எங்கே போகிறது என்று ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள். அன்னப்பிள்ளை அக்கா பக்கத்தில் நிற்கிறாரா என்பதையும்.